எருக்கந் தூண்களும் புலித் தலையும்

சென்னையிலிருந்து ஆவடி மார்க்கமாகச் செல்லும் மின்சார ரயிலில் அம்பத்தூருக்கு அடுத்த நிலையம் திருமுல்லைவாயில். தொழிற்சாலைகளும் வீடுகளும் நெருங்கிவிட்ட இப்பக்கத்தில் இப்படி ஒரு புராதனமான ஸ்தலம் இருப்பது, தினந்தோறும் அவ்வழியே போகிறவர்களில் பலருக்குத் தெரியாது. சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய ஸ்தலம் அது. சுவாமி மாசிலாமணீசுவரர்; அம்பிகை கொடியிடை நாயகி.

சந்நிதியை நெருங்கும்போது நம் கண்ணை முதலில் இழுப்பவை இரண்டு தூண்கள். கல்லல்ல, தேக்கல்ல, வெள்ளெருக்கு என்கிறார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்ட எருக்கம்பூப் பறித்த நேயர்களுக்கு அந்தச் செடியின் தண்டு எவ்வளவு பருமன் என்பது தெரியும். அது தூணாகும் அளவுக்கு வளர்ந்ததா என்று கேட்கத் தோன்றும். கேட்டால் ஒரு யுத்தத்தின் கதை வெளிவரும்.

புழல் கோட்டையிலிருந்த குறும்பர்களை எதிர்த்துத் தொண்டைமான் படையெடுத்தான். வழியில் அவன் யானையின் கால்களை முல்லைக் கொடிகள் சுற்றிக்கொண்டன. வாளால் வெட்டினான், கொடியின் அடியிலிருந்து இரத்தம் பெருகிற்று. அங்கே சிவலிங்கம்! பதறிப்போய்த் தன் கழுத்தையே வெட்டிக்கொள்ளத் துணிந்தவனைத் தடுத்து, இறைவன் நந்தியைத் துணைக்கு அனுப்பினார் என்பது ஸ்தல புராணம். அதனால்தான் இங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல், போருக்குப் புறப்பட்டவர் போல் வெளியே பார்த்திருக்கிறார். வாள் பட்ட லிங்கத்துக்கு எப்போதும் சந்தனக் காப்பு. கோட்டை விழுந்ததும் தொண்டைமான் அங்கிருந்து பெயர்த்து வந்த வெற்றிப் பொருள்களே இந்த எருக்கந் தூண்கள்.

தொண்டைமானின் பக்தியை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தூண்களைப் பறிகொடுத்த குறும்பர்கள் இக்கதையை எப்படிச் சொல்லியிருப்பார்கள்? அவர்களுடைய ஸ்தல புராணம் நமக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கேள்வியையே தொழிலாகக் கொண்டவர்கள் இன்று உலகத்துப் பெரிய பொருட்காட்சி சாலைகளில் இருக்கிறார்கள். ஒரு சித்திரத்தின் முகத்தைவிட முதுகையே அவர்கள் அதிகம் பார்ப்பார்கள். ஒட்டிய சீட்டு, அழிந்த முத்திரை, பழைய ஏல ஜாபிதா, வரவுப் புத்தகத்தின் எண் இவற்றைக் கொண்டு, பொருள் எந்த வருஷம் யார் கைக்கு மாறியது, விலைக்கா, தானமா, துப்பாக்கி முனையிலா என்று துப்புத் துலக்குவார்கள். ஹிட்லரின் ஆட்கள் யூதர்களிடம் பறித்த கலைப் பொருள்களுக்காக, 1998-ல் வாஷிங்டனில் 44 தேசங்கள் கூடி, அவற்றைத் தேடிக் கண்டு நியாயம் செய்வதற்கான கோட்பாடுகளை ஒப்புக்கொண்டன.

இவர்களுக்குச் சிரமமே வைக்காத ஒரு பொருள் நம் தஞ்சாவூரில் இருக்கிறது. சாளுக்கியர் பாணியில் செதுக்கிய துவாரபாலகர் சிலை. பதினோராம் நூற்றாண்டில் முதலாம் இராஜாதிராஜ சோழன் கல்யாணபுரத்தை எரித்து அங்கிருந்து கொண்டுவந்தது என்று அதன் பீடத்திலேயே தமிழில் பொறித்திருக்கிறார்கள். எடுத்தவனே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது போல! பெருமைக்காக வெட்டிய எழுத்துத்தான்; ஆனாலும் இன்று அதுவே சாட்சி.

திருமுல்லைவாயிலிலிருந்து தெற்கே வந்தால் பூந்தமல்லி. அங்கிருந்து மேற்கே போகும் பெரிய சாலை ராணிப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்கிறது. அதற்கப்பால் மைசூர்ச் சீமையில் ஸ்ரீரங்கப்பட்டணம். 1799-ல் வேலூரில் கூடிய சென்னைச் சைனியம் அந்த நகரத்தை நோக்கிப் புறப்பட்டது. மே 4-ந் தேதி கோட்டை விழுந்தது. திப்பு சுல்தான் மாண்டார். அன்றிரவு முழுவதும் வீடு வீடாகக் கொள்ளை. ஆர்தர் வெல்லெஸ்லி நால்வரைத் தூக்கிலிட்ட பிறகுதான் அது அடங்கிற்று. பிறகு சட்டப்படி நடந்தது பங்கீடு. தளபதி ஹாரிஸ் முதல் சாதாரணச் சிப்பாய் வரை பதவிக்குத் தக்க பாகம்! முன்னதற்குத் தூக்குக் கயிறு, பின்னதற்கு இரசீது. வித்தியாசம் அவ்வளவே.

பங்கீட்டு அதிகாரிகள் திப்புவின் பொற்சிம்மாசனத்தையும் உடைத்தார்கள். முன்புறத்துப் பெரிய புலித் தலையும் ஹுமா பறவையும் இங்கிலாந்து அரச குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தன. வெள்ளைச் சிப்பாயைக் கடித்து உறுமும் மரப்புலி, 1808 முதல் லண்டனில் கம்பெனியின் கட்டடத்தில் வேடிக்கைப் பொருளாயிற்று. இன்று விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. சிம்மாசனத்தின் விளிம்பில் இருந்த எட்டுச் சிறு புலித் தலைகளில் ஒன்று வேல்ஸ் தேசத்துப் பொவிஸ் மாளிகையில் உள்ளது. அப்போது சென்னையில் கவர்னராயிருந்த எட்வர்ட் கிளைவின் குடும்பத்து மாளிகை அது. தகப்பனார் இராபர்ட் கிளைவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு புலித் தலை இங்கிலாந்தை விட்டுப் போய்விடுமோ என்று 2021-ல் அந்நாட்டுச் சர்க்காருக்குக் கவலை வந்தது. பதினைந்து லட்சம் பவுன் மதிப்பிட்டு, தேசத்தின் பொக்கிஷம் வெளியேறக் கூடாதென்று ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை விதித்தார்கள். எந்தத் தேசத்தின் பொக்கிஷம் என்பதை உத்தரவு எழுதியவர் யோசித்துத்தான் எழுதியிருப்பார்.