தாய்ப்படிவமும் சேய்ப்படிவமும்

கிராம வாசிகசாலை ஒன்றின் நூற்பட்டியலைக் கணனியில் ஏற்ற முற்பட்ட கலைப்பீட மாணவர் இருவர், ஒரு படிவத்தின் பொருட்டு ஒரு வாரகாலம் முகம்பாராதிருந்தனர். அவர்கள் கையாண்டவை விசுவல் பேசிக் டொட்நெற்றின் வின்டோஸ் படிவங்கள். ஒருவன் தாய்ப்படிவத்தை அமைத்தான். தலைப்பு, தேடற்பெட்டி, சேமிக்கும் பொத்தான் ஆகியன அதில் இருந்தன. மற்றவன் அதனின்றும் நூல், சஞ்சிகை, அங்கத்தவர் என மூன்று சேய்ப்படிவங்களைப் பிறப்பித்தான்.

மரபுரிமை என்னும் இக்கருத்துப் புதியதன்று. ஒஸ்லோவில் டாலும் நியூகோரும் வகுத்த சிமுலா 67 மொழியிலேயே அது உண்டு. ஆயினும், படிவத்தைத் திரையில் வரைந்தே செய்நிரல் ஆக்கும் வழியை 1991இல் பலருக்கும் எளிதாக்கிய விசுவல் பேசிக்கிற்கு அது முழுமையாக வாய்த்தது 2002இலேதான். முதுசொம் பற்றி வழக்காடிப் பழகிய யாழ்ப்பாணத்தார்க்கு உரிமையேற்றலின் தொல்லைகளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

செய்நிரலை இயக்கினால் மூன்று படிவங்களும் செவ்வனே தோன்றின. வடிவமைப்புத் திரையில் திறந்தாலோ, படிவம் இருக்கவேண்டிய இடத்தில் பிழைச்செய்தி மட்டுமே நின்றது. தாய்ப்படிவம் அதே திரையில் குறையின்றித் திறந்தது. ஆகவே குற்றம் சேயினதே என்றான், தாயை ஆக்கியவன். அதனை நம்பிய மற்றவன் நூற்படிவத்தை அழித்து இருமுறை மீள ஆக்கினான், பயனில்லை. பின்னரே சினம் மேலிட்டது, சொற்கள் தடித்தன.

உண்மை யாதெனில், வடிவமைப்பி தான் திறக்கும் படிவத்தை உயிர்ப்பிப்பதில்லை. அதன் தாயையே உயிர்ப்பிக்கின்றது. சேயைத் திறக்கும்போது தாயின் தொடக்கச் செய்முறை முழுவதும் ஓடும். தாயைத் திறக்கும்போதோ அதற்கும் மூத்த வெறும் படிவமே உயிர்பெறும். தாயின் செய்முறை உறங்கிக் கிடக்கும். அச்செய்முறைக்குள்ளேதான் தரவுத்தளத்தைத் திறக்கும் கட்டளையை நண்பன் எழுதியிருந்தான். செய்நிரலோடு ஒரே கோப்புறையில் இருந்த தரவுத்தளம் வடிவமைப்பியின் கண்ணுக்கு எட்டவில்லை. தாயின் குற்றம் சேயைத் திறக்கும்போதே வெளிப்பட்டது!

இதனைக் கண்டறிந்த பின்னரும் ஓர் இரவு கழிந்தது. வடிவமைக்கும் வேளைதானா என்று அறிவிக்கும் டிசைன்மோட் பண்பை அவன் தொடக்கச் செய்முறையிலே வினவினான். அவ்வேளையில் அது இல்லையென்றே விடைதரும். படிவம் வடிவமைப்பியோடு இணைக்கப்படுவது அதன் பின்னரேயாம். கட்டளையை லோட் நிகழ்வுக்கு மாற்றி, வினாவையும் அங்கே இட்டு, முழுவதையும் மீளத் தொகுத்த பின்னரே படிவம் திறந்தது. மீளத் தொகுக்காவிடின் வடிவமைப்பி பழைய தாயையே காணும்.

அன்று மாலையே நண்பனின் அறைக்குச் சென்று காட்டினான். நண்பன் நெடுநேரம் திரையையே பார்த்திருந்தான். சேமிக்கும் பொத்தானின் மூலையில் சிறு பூட்டொன்று தெரிந்தது. சேய்ப்படிவத்தில் அதனை நகர்த்த முடியவில்லையென்று புதியதொரு முறைப்பாடு எழுந்தது.

"அதை நான் வேணுமெண்டுதான் பூட்டினனான், மச்சான்" என்றான் நண்பன்.