நிற்கும்போது தெரியும் பாரம்

மோட்டார் சைக்கிள் வாங்குவது என்பது இன்று நம் குடும்பங்களில் ஒரு சம்பந்தப் பேச்சுக்கு ஒப்பானதாகி விட்டது. மகனுக்கு ஒரு விருப்பம், தாய்க்கு ஓர் அச்சம், தந்தைக்கு ஒரு கணக்கு, அண்டை வீட்டாருக்கோ ஆயிரம் ஆலோசனைகள்! சிலமலையில் எங்கள் இல்லத்திலும் இப்பேச்சு ஒரு மாத காலம் நடைபெற்றது. அதில் நாங்கள் அறிந்துகொண்டவை பிற குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்பதால் இதனை எழுதுகின்றேன்.

போடிமெட்டுக்கு அப்பால், பூப்பாறைப் பக்கத்தில் எங்களுக்குச் சிறியதோர் ஏலத் தோட்டம் குத்தகையில் இருக்கின்றது. பல ஆண்டுகள் நான் ஜீப்பிலேயே போய் வந்தேன். படிப்பை முடித்த என் மகன் அப்பொறுப்பை ஏற்றபோது, வாரத்தில் நான்கு நாள்கள் தனியே மலையேறி இறங்க அவனுக்கென ஒரு வண்டி தேவைப்பட்டது. போடியிலிருந்து மேலேறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. விடியற்காலையில் தோட்டத் தொழிலாளப் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விரையும். மழைக் காலத்தில், எதிரே வரும் வண்டியின் விளக்கைத் தவிர வேறெதையும் காட்டாத மூடுபனி சூழும். தார்ச் சாலையை விட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினாலோ, ஜீப் சக்கரங்கள் உழுது போட்ட களிமண் தடம்தான். நூறு சிசி வண்டியாயின் அத்தடத்தில் அடிப்பாகம் தட்டும். எனவே தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் வண்டியே வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எத்தனை கனமான வண்டி என்பதில்தான் வேறுபாடு.

மகன் விரும்பியது, ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2023 நவம்பரில் வெளியிட்ட ஹிமாலயன் 450. என் மனத்தில் இருந்தது, ஹீரோ நிறுவனம் 2021இல் வெளியிட்ட நான்கு வால்வு எக்ஸ்பல்ஸ் 200. முன்னதற்கு 452 சிசி எஞ்சின், 40 குதிரைத் திறன், 196 கிலோ எடை. பின்னதற்கு 200 சிசி, ஏறத்தாழ 19 குதிரைத் திறன், 158 கிலோ எடை. இருக்கையின் உயரமோ இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே, 825 மில்லிமீட்டர் அளவில். என் மகனைப் போன்ற நடுத்தர உயரமுடையோர்க்கு இரண்டிலுமே முன்னங்கால் மட்டுமே தரையில் பதியும்.

நியாயமாகச் சொல்வதாயின், கனமான வண்டியின் சிறப்புகள் சிறியன அல்ல. ஆடி மாதத்தில் தேனிப் பக்கம் வீசும் காற்றை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பக்கக் காற்றில் அவ்வண்டி அசையாமல் செல்லும். லாரியை முந்த வேண்டிய இடத்தில் அதன் வலிமை துணை நிற்கும். மதுரைக்கோ சென்னைக்கோ இருவர் மூட்டை முடிச்சுடன் செல்லும்போது, அது களைப்பைக் குறைக்கும். மலையேற்றத்திலும் கூட, எஞ்சினின் திறன் இரு மடங்காக இருப்பதால், ஓடும்போது அதன் எடை ஒரு பொருட்டன்று. 65 கிலோ எடையுள்ள இளைஞர், 25 கிலோ மூட்டையுடன் ஏறி அமர்ந்தால், ஒன்று 286 கிலோ, மற்றொன்று 248 கிலோ. வேறுபாடு ஆறில் ஒரு பங்குக்கும் குறைவே!

ஆனால் வண்டி எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. நிமிர்ந்து நிற்கும் வரை அதன் பாரத்தைச் சக்கரங்கள் தாங்குகின்றன. சற்றே சாய்ந்ததும் அப்பாரம் ஓட்டுபவரின் ஒற்றைக் காலுக்கு வந்து சேருகின்றது. அக்கால் ஊன்றிய இடம் ஈரக் களிமண்ணாக இருந்தால் என்ன ஆகும்?

இதை வாயால் வாதிடுவதில் பயனில்லை என்று தோன்றவே, அவ்விரு வண்டிகளையும் வைத்திருந்த இரு நண்பர்களின் இசைவுடன் எங்கள் களத்தில் ஒரு சோதனை செய்தோம். சாக்குகளை விரித்து, வண்டிகளை அவற்றின்மேல் மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தோம். விழுந்த வண்டியைத் தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. எஞ்சினை நிறுத்திக் கியரில் இட வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலிலேயே பக்கவாட்டுத் தாங்கியை இறக்கிவிட வேண்டும். இல்லையேல் நிமிர்த்திய வேகத்தில் வண்டி மறுபுறம் விழும். பின்னர் இருக்கைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, கைகளால் பற்றி, கால்களின் பலத்தால் பின்னோக்கி நடந்து நிமிர்த்த வேண்டும். முதுகை வளைத்து முன்னோக்கி இழுத்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

உலர்ந்த தரையில் மகன் இரண்டையுமே தனியாகத் தூக்கி நிறுத்தினான். “பார்த்தீர்களா அத்தா!” என்று சிரித்தான். நான் களத்தின் ஓரச் சரிவில் இரண்டு குடம் நீரை ஊற்றச் செய்தேன். அந்தச் சேற்றில் இலகுவான வண்டியை மூச்சு வாங்க நிமிர்த்திவிட்டான். கனமானதை மூன்று முறை முயன்றான். மூன்று முறையும் கால் வழுக்கியது. நாங்கள் இருவரும் சேர்ந்தே அதனைத் தூக்கினோம். தோட்டத் தடத்தில் அந்தி வேளையில் அந்த இரண்டாம் ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. அவனே எண்ணிப் பார்த்துக்கொண்டான்.

மற்றொன்றும் உண்டு. இத்தகைய வண்டிகளுக்குப் பின்னோக்கிச் செல்லும் கியர் கிடையாது. இறக்கத்தை நோக்கி நின்றுவிட்ட வண்டியை, மேட்டின் மீது பின்னோக்கித் தள்ளித்தான் திருப்ப வேண்டும். சின்னக்கானல், சாந்தம்பாறைப் பக்கங்களில் யானை நடமாட்டம் புதியதன்று. 2023 ஏப்ரலில் சின்னக்கானல் பகுதியில் பிடித்து அப்புறப்படுத்தப்பட்ட அரிக்கொம்பன், அடுத்த மாதமே கம்பம் நகருக்குள் நுழைந்ததை நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். வளைவுக்கு அப்பால் ஆனை நிற்கின்றது என்றால், அங்கே தேவைப்படுவது 40 குதிரைத் திறன் அன்று. ஒருவர் தனியே சட்டென்று திருப்பிவிடக் கூடிய வண்டியே.

வீட்டில் என் மனைவியின் கருத்தையும் கேட்டோம். “இரண்டுமே எனக்கு ஏணி வைத்து ஏற வேண்டிய வண்டிகள், நான் போடிக்குப் பஸ்ஸிலேயே போய்க் கொள்கிறேன். அவன் இரவில் வீடு திரும்ப எது நல்லதோ அதை வாங்குங்கள்” என்று முடித்துவிட்டார். விலையும் ஒன்று உண்டு. நாங்கள் விசாரித்த வேளையில் கனமான வண்டி ஏறக்குறைய இரு மடங்கு விலை. கையிலிருந்த பணம் இலகுவான வண்டிக்குப் போதுமானது. மற்றதற்கு வட்டிக் கடன் வாங்க வேண்டும். வட்டியை வாசற்படிக்கு வெளியிலேயே நிறுத்துவது என் அத்தா காலம் முதல் எங்கள் வழக்கம்.

“அப்படியானால் என் லடாக் பயணம்?” என்று மகன் கேட்டபோது, அவன் குரலில் இருந்த ஏக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. இளமையின் ஆசையைக் கேலி செய்து அடக்குதல் தகாது. “லே நகரில் வாடகைக்கு வண்டிகள் கிடைக்கின்றன மகனே. ஆண்டுக்கு ஒருமுறை செல்லும் பயணத்துக்கு வண்டியை இரவல் வாங்கலாம், அன்றாடப் பாதைக்குத்தான் சொந்த வண்டி வேண்டும்” என்றேன். சிறிது நேரம் மௌனமாக இருந்தவன், பின்னர் அவனே போடிக்குச் சென்று இலகுவான வண்டிக்கு முன்பணம் செலுத்தி வந்தான்.

எல்லோரும் இலகுவான வண்டியே வாங்க வேண்டும் என்பது என் கருத்தன்று. சமவெளி நெடுஞ்சாலையில் துணையுடன் நீண்ட தூரம் செல்பவருக்குக் கனமான வண்டியே பொருத்தமானது. ராவுத்தர் என்னும் சொல்லுக்குக் குதிரை ஏறுபவர் என்பது பொருள். குதிரை எத்துணை உயர்ந்த இனமாயினும், தனித்த வழியில் அதனைப் பிடித்து நிறுத்தி மீண்டும் ஏறத் தெரிந்தவருக்கே அது ஊர்தி, மற்றவருக்குச் சுமை. ஆகவே வண்டி வாங்க எண்ணும் இளைஞர்கள், கடையின் பளிங்குத் தரையில் நிற்கும் அழகை மட்டும் காணாமல், தம் அன்றாட வழியில் மிகக் கடினமான கால் மணி நேரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில், உதவிக்கு எவரும் இல்லாத வேளையில், தம் இரு கைகளுக்கு அடங்கும் வண்டி எதுவோ அதுவே அவர்களுக்கு உரிய வண்டி.