பெருநாள் சோறும் பிறர் பங்கும்

கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த தா.பழூர் வட்டாரம் உழவையே நம்பி வாழும் பகுதி. பொன்னாற்று வாய்க்கால் பாயும் தாழ்ந்த நிலங்களில் சம்பா நெல் விளைகிறது. மேட்டு நிலங்களில் கடலையும் எள்ளும் விளைகின்றன. இங்கே நிலம் வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஹஜ்ஜுப் பெருநாளன்று ஆக்கும் நெய்ச்சோற்றுக்கான அரிசி, தாளிச்சாவுக்கான கத்தரிக்காய், மாங்காய், குர்பானிக்கான கிடா ஆகிய அனைத்தையும் தன் வயலிலும் தொழுவத்திலுமே தேடிக்கொள்ளலாம். ஆயினும் இது நினைத்த மாத்திரத்தில் நடந்துவிடும் காரியமன்று.

உழவனின் கணக்கு சூரியனைச் சார்ந்தது. பெருநாளின் கணக்கு பிறையைச் சார்ந்தது. பிறை ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்களே ஆகையால், பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்கிறது. 2006 ஜனவரியில் ஹஜ்ஜுப் பெருநாளும் பொங்கலும் ஒரே வாரத்தில் வந்தன. அப்போது களத்துமேட்டில் புது நெல் இருந்தது. 2024இல் ஜூன் 17 அன்றும், 2025இல் ஜூன் 7 அன்றும் பெருநாள் வந்தபோதோ சம்பா வயல்கள் அறுப்பு முடிந்து வெறுமையாகக் கிடந்தன. பெருநாள் மீண்டும் தை மாதத்துக்கு வந்து சேர 2038ஐ ஒட்டிய ஆண்டுகள் ஆகும். எனவே தையில் அறுத்த நெல்லில் பெருநாளுக்கென்று ஒரு மூட்டையைத் தனியே கட்டி வைப்பது நம் வழக்கம். அதில் ஒரு நன்மையும் உண்டு. புது அரிசி குழையும். சில மாதங்கள் இருந்த அரிசியே நெய்ச்சோற்றுக்கு உதிரியாக வரும்.

கிடாவுக்கு இன்னும் நீண்ட பொறுமை வேண்டும். வெள்ளாடு ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஷாஃபி மத்ஹபில் இரண்டாண்டு. கண் பழுதோ, நொண்டியோ, வெளிப்படையான நோயோ, எலும்பும் தோலுமான மெலிவோ கூடாது. கடலை பிடுங்கியபின் மிஞ்சும் கொடி, வேலியோரத்துக் கிளுவை, கொல்லை அகத்தி ஆகியவை அதற்குத் தீனி. அது இடும் எரு மறுபடியும் வயலுக்கே போகிறது. ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்பது உழவர் மொழியன்றோ!

வளர்ப்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் கிடாவோடு பழகிவிடுகிறார்கள். பெயர் வைத்துக் கூப்பிடாதீர்கள் என்று பெரியவர்கள் எச்சரித்தாலும் பிள்ளைகள் கேட்பதில்லை. பெருநாள் நெருங்க நெருங்க அவர்களுடைய முகம் வாடுகிறது. இதற்காகவே, முதல் நாள் சந்தையில் வாங்கி மறுநாள் அறுத்துவிடுவது மேல் என்று கருதுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. இப்றாஹீம் நபி (அலை) அவர்களிடம் இறைவன் கேட்டது, அவர்கள் மிகவும் நேசித்த ஒன்றையே. கொடுக்கும் பொருளின் மேல் நமக்குப் பற்றே இல்லையென்றால் தியாகம் என்னும் சொல்லுக்கு அங்கே என்ன வேலை? பிள்ளையின் கண்ணீரை அதட்டி அடக்க வேண்டாம். கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள்ளுமாறும், பிராணிக்கு வேதனையைக் குறைக்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பதைச் சொல்லிக்கொடுப்போம். கடைசி முறையாகத் தண்ணீர் காட்டும் பொறுப்பை அந்தப் பிள்ளையிடமே ஒப்படைப்போம். ஓர் உயிரின் விலை பணத்தால் மட்டும் ஆனதன்று என்பதை அவன் அறிந்துகொள்வான்.

சொந்தமாக விளைந்தது, சொந்தமாக வளர்ந்தது என்று நாம் பெருமைப்படுகிறோம். மார்க்கமோ அந்தச் சொந்தத்துக்குள் பிறர் பங்கை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. மழையாலும் ஆற்று நீராலும் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கும், செலவு செய்து இறைத்த நீரால் விளைந்ததில் இருபதில் ஒரு பங்கும் ஏழைகளுக்கு உரியவை. குர்பானி இறைச்சியை மூன்றாகப் பகிர்ந்து ஒன்றை வீட்டுக்கும், ஒன்றை உற்றாருக்கும், ஒன்றை ஏழைகளுக்கும் ஆக்குவது சிறப்பு. அறுப்பவருக்குத் தோலைக் கூலியாகத் தரலாகாது. அவருடைய கூலி நம் மடியிலிருந்து போக வேண்டும்.

இன்னொரு கடனும் உண்டு. நமது வயல் என்கிறோம்; அதில் குனிந்து நாற்று நட்ட பெண்களின் கைகள் யாருடையவை? களை பறித்தவர் யார்? அவர்கள் பெரும்பாலும் வேறு சமயத்தார். பொங்கலுக்கு நமக்குக் கரும்பு கொண்டுவந்து தருபவர்கள். கூலி கொடுத்துத் தீர்த்தோம் என்று கணக்கை மூடிவிடலாம். ஆனால் அவர்கள் நட்ட நெல்லின் சோறு பெருநாளன்று அவர்கள் இலையிலும் விழுந்தால்தான் அந்த நெல்லுக்கும் நிறைவு.

நகரத்தில் ஒற்றை அறையில் குடியிருப்போரும், வளைகுடாவில் உழைத்துக் குர்பானிக்குப் பணம் அனுப்புவோரும் செய்வது முறையானதே. அவர்களுக்குத் தொழுவம் இல்லை. நிலமும் கொல்லையும் உள்ள நம்மவர்களோ வசதி கருதி இந்தப் பழக்கத்தை விட்டுவிடலாகாது. கிடா வளர்க்க இயலாவிடில் நாலு கத்தரிச் செடியாவது வைப்போம். பெருநாள் இலையில் நம் கை பட்ட கறி ஒன்றாவது இருக்கட்டும். அதை முதலில் அண்டை வீட்டுக்கு அனுப்புவோம்.