மோனிகா அம்மையாரின் மனு

பிரார்த்தனையைப் பற்றி ஏசுநாதர் சொன்ன கதைகளுள் ஒன்று, முதல் முறை கேட்பவர்களைச் சற்றுத் திடுக்கிடச் செய்யும். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் 18-வது அதிகாரத்தில் அது இருக்கிறது. ஒரு பட்டணத்தில் ஒரு நியாயாதிபதி. கடவுளுக்கும் அஞ்சாதவன், மனிதரையும் மதியாதவன். அவனிடம் ஒரு கைம்பெண் நியாயம் கேட்டு வந்து வந்து நிற்கிறாள். லஞ்சம் கொடுக்கப் பணமில்லை, சிபார்சுக்கு ஆளில்லை. வருவது ஒன்றே அவளுக்குத் தெரிந்த வழி. கடைசியில் அவன், நியாயத்துக்காக அல்ல, தொல்லை விட்டால் போதும் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். மூல கிரேக்கத்தில் அவன் வாயில் வரும் சொல், குத்துச்சண்டைக்காரர்களுடைய சொல். கண்ணுக்குக் கீழே கன்றிப்போகும்படி குத்துவது என்று அதற்குப் பொருள். ஓர் ஏழை ஸ்திரீயிடம் குத்து வாங்கிவிடுவோமோ என்று நியாயாதிபதி நடுங்குகிறான்! கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. நம் ஊர்க் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமைதோறும் மனுவும் கையுமாக நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இக்கதையை விளக்கத் தேவையில்லை.

கதையின் கருத்து, கடவுளும் அந்த நியாயாதிபதியைப் போன்றவர் என்பதல்ல. அப்படிப்பட்டவனே இறங்கி வருவானானால், நீதியே உருவானவர் கேளாதிருப்பாரா என்பதுதான். ஆனால் அதே ஏசுநாதர் வேறோரிடத்தில், நாம் கேட்பதற்கு முன்பே நமக்கு வேண்டியது இன்னதென்று பிதாவுக்குத் தெரியும் என்றும் கற்பித்திருக்கிறார். தெரிந்தவரிடம் எதற்காக மறுபடி மறுபடி சொல்ல வேண்டும்? கேட்டும் கிடைக்காதவர்களும் இருக்கிறார்களே! சரீரத்தில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் அப்போஸ்தலர் மூன்று முறை வேண்டினார், முள் எடுக்கப்படவில்லை. கெத்செமனே தோட்டத்தில் ஏசுநாதரே மூன்று முறை வேண்டினார், பாத்திரம் நீங்கவில்லை.

இது நமக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. நம் சின்னம்மை ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய ஒரே மகன் வேலைக்கென்று பம்பாய்க்குப் போய்ப் பத்தொன்பது வருஷங்கள் ஆகின்றன. முதலில் பணம் வந்தது. பிறகு கடிதம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. குடியில் விழுந்துவிட்டான் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். சின்னம்மை விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, அந்த இடத்திலேயே முழந்தாளிட்டு அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறாள். காய்ச்சல் கண்ட நாளிலும் தவறியதில்லை. நாம் சர்வகலாசாலையில் தர்க்க சாஸ்திரம் வாசித்தவரல்லவா? ஒரு நாள், "சின்னம்மை, இத்தனை வருஷமாகக் கேட்டு என்ன கண்டீர்கள்?" என்று கேட்டோம். அவள் முறத்திலிருந்த அரிசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கண்டது ஒண்ணுமில்ல, ஐயா. ஆனா நானும் நிறுத்திட்டேன்னா, அவன் பேரை ஆசையாச் சொல்ல இந்த ஒலகத்துல வேற ஆரு இருக்கா?" என்றாள்.

இந்தப் பதிலைக் கேட்டபின்தான் மோனிகா அம்மையாரின் வரலாற்றை நாம் மறுபடியும் கவனமாகப் படித்தோம். இன்று அல்ஜீரியா என்று வழங்கும் நாட்டில், தகாஸ்தே என்ற சிற்றூரில் வாழ்ந்தவர் அவர். கணவர் பாத்ரீசியு முன்கோபி, வெகுகாலம் கிறிஸ்தவராகாதவர். 354-ல் பிறந்த மகன் அகஸ்டின் மகா புத்திசாலி. அதனாலேயே தாய்க்கு மகா கவலை. படிக்கக் கார்த்தேஜ் நகருக்குச் சென்றவன், அங்கே மானி என்பவர் ஸ்தாபித்த மதத்தில் சேர்ந்துவிட்டான். தாய் அழுதார். ஒரு பிஷப்பிடம் போய், மகனோடு வாதாடித் திருத்தும்படி கெஞ்சினார். இப்போது வாதாடிப் பயனில்லை என்று பிஷப் சொல்லியும் விடவில்லை. கண்ணீர் சிந்தும் தாயின் மகன் கெட்டுப்போவதற்கில்லை என்ற கருத்தில் சற்றுச் சலிப்போடேயே ஏதோ சொல்லி அவர் அம்மையாரை அனுப்பி வைத்தார். லூக்காவின் கைம்பெண்ணேதான்!

383-ம் வருஷத்தில் அகஸ்டின் ரோமாபுரிக்குக் கப்பலேறத் தீர்மானித்தார். தாய் துறைமுகம் வரையில் வந்து, போகாதே, அல்லது என்னையும் கூட்டிப் போ என்று பிடித்துக்கொண்டார். நண்பன் ஒருவனை வழியனுப்பக் காத்திருப்பதாக மகன் பொய் சொன்னார். அன்றிரவு அம்மையார் அருகிலிருந்த சிப்ரியன் நினைவாலயத்தில், மகன் போய்விடக் கூடாது என்று ஜெபித்துக்கொண்டிருக்கையில் கப்பல் போய்விட்டது.

அந்த இரவின் மனு தள்ளுபடியாயிற்று. ஆனால் அந்தப் பிரயாணந்தான் அகஸ்டினை ரோமாபுரிக்கும், அங்கிருந்து மிலான் நகருக்கும், அங்கே அம்புரோஸ் பிஷப்பின் பிரசங்க மேடையருகிலும் கொண்டு சேர்த்தது. 387-ம் வருஷம் ஈஸ்டர் திருநாளையொட்டி அம்புரோஸ் கையாலேயே அவர் ஞானஸ்நானம் பெற்றார். தாய் எப்போதும் கேட்டதைக் கொடுப்பதற்காக, அன்று கேட்டதைக் கடவுள் மறுத்தார் என்று பிற்காலத்தில் அகஸ்டினே தமது 'வாக்குமூலங்கள்' என்னும் நூலில் கருத்துத் தெரிவித்திருக்கிறார்.

அம்மையார் குற்றமே இல்லாதவர் என்று சொல்ல நாம் வரவில்லை. மகனுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் பேசியவர் அவர்தாம். அதற்காக, பல வருஷங்கள் அகஸ்டினோடு வாழ்ந்து ஒரு பிள்ளையும் பெற்ற பெண், பிள்ளையை விட்டுவிட்டுத் தன்னந்தனியே ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப நேர்ந்தது. வேறொரு புருஷனை அறிவதில்லை என்று சபதம் செய்து போனாளாம். அவள் என்ன பிரார்த்தித்தாள், எத்தனை காலம் பிரார்த்தித்தாள் என்று எழுதி வைப்பார் இல்லை. அவள் பெயரைக்கூட அகஸ்டின் எழுதவில்லை. நூலின் அந்தப் பக்கத்தை நம்மால் எளிதில் தாண்டிவிட முடிகிறதில்லை.

ஞானஸ்நானம் நடந்த அதே வருஷத்தில், ஊர் திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிகா அம்மையார் காய்ச்சலில் படுத்து, ஒன்பதாம் நாள் காலமானார். வயது 56. சொந்த ஊரில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கமாக வேண்டும் என்று வெகுநாளாக ஆசைப்பட்டு அதற்கு ஏற்பாடும் செய்து வைத்திருந்தவர், கடைசியில் அதை விட்டுவிட்டார். இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், பலிபீடத்தருகில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதே அவர் பிள்ளைகளிடம் கேட்டது.

ஏறக்குறையப் பத்து வருஷங்களுக்குப் பின் 'வாக்குமூலங்கள்' எழுதியபோது அகஸ்டின் பிஷப்பாக இருந்தார். தாயின் மரணத்தைச் சொல்லி முடிக்கும் இடத்தில், இதைப் படிக்கிறவர்கள் யாவரும் தம் பெற்றோர் இருவரையும் பலிபீடத்தருகில் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று கடவுளிடம் அவர் மனுச் செய்துகொள்கிறார். அந்த நூல் முழுவதிலும் மோனிகா என்ற பெயர் வருவது அந்த ஓரிடத்தில்தான்.