காக்கைக்குச் சோறு வைத்த முதல் காரணம்

நார்த்தாமலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றால் மேலமலையின் பாறை தெரியும். விசயாலய சோழீச்சரத்துக்குப் போகிறவர்கள் ஏறும் மலை அது. விடிந்ததும் அந்தப் பக்கமிருந்து மயில்கள் அகவும். முருங்கையில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தும். வேலியோரம் கீரி ஓடும். இத்தனை உயிர்கள் சுற்றி வாழ்ந்தாலும் கூப்பிட்டுச் சோறு வைப்பது காக்கைக்கு மட்டும்தான்.

ஏன் என்று ஊரில் கேட்டால் இரண்டு பதில் வரும். "செத்தவுக காக்காயா வந்து திங்கிறாக" என்பார் அப்பத்தா. சனி பகவானின் வாகனம் என்பார்கள் மற்றவர்கள். இவற்றுக்கும் முந்திய காரணம் ஏதும் உண்டா என்று பழைய நூல்களில் தேடத் தொடங்கினேன்.

அப்பத்தாவின் பதிலுக்கு வால்மீகி ராமாயணத்தின் உத்தர காண்டத்தில் ஒரு கதை கிடைத்தது. மருத்தன் என்ற அரசனின் வேள்விக்கு ராவணன் வருகிறான். அஞ்சிய தேவர்கள் விலங்கும் பறவையுமாக உருமாறி ஒளிகிறார்கள். இந்திரன் மயிலாகிறான், எமன் காக்கையாகிறான். ஆபத்து நீங்கியதும் எமன் காக்கைக்கு வரம் தருகிறான்: மனிதர்கள் உனக்கு உணவிட்டால் என் உலகில் இருப்பவர்கள் பசியாறுவார்கள்.

சங்கப் பாடல்களுக்குள் போனபோது வேறொரு காரணம் காத்திருந்தது. குறுந்தொகையின் 210ஆம் பாடலில், பிரிந்து போன தலைவன் வீடு திரும்புகிறான். இத்தனை நாள் தலைவியை ஆற்றியிருக்கச் செய்தாயே என்று தோழியைப் பாராட்டுகிறான். அவளோ அந்தப் பெருமையை ஏற்கவில்லை. விருந்து வரும் என்று கரைந்து நம்பிக்கை தந்தது காக்கை. வள்ளல் நள்ளியின் காட்டில் வளர்ந்த பசுக்களின் நெய்யும் தொண்டி ஊரின் வெண்ணெல் சோறும் ஏழு கலத்தில் ஏந்தினாலும் அதற்குப் போதாது என்கிறாள். இதைப் பாடிய நச்செள்ளையார் காக்கைபாடினியார் என்றே பெயர் பெற்றார். இங்கே சாவும் இல்லை, சனியும் இல்லை. நல்ல சொல் சொன்னதற்கு நன்றி இருக்கிறது.

நற்றிணையின் 258ஆம் பாடல் இன்னும் வியப்பைத் தந்தது. வீட்டுப் பெண்கள் முற்றத்துக்கு வெளியே இட்ட சோற்றைக் காக்கை தின்கிறது. பொழுது சாயும் வேளையில் அங்காடியில் குவித்த பச்சை இறாலைக் கவர்கிறது. பிறகு அசைகிற கப்பலின் கூம்பில் போய்த் தங்குகிறது. ஒரு பறவையின் பின்னாலேயே கண்ணை அனுப்பினால்தான் இப்படி எழுத முடியும். 527ஆம் குறளில் வள்ளுவர், கிடைத்ததை மறைக்காமல் இனத்தைக் கூவி உண்ணும் குணத்தைச் சொன்னதும் அப்படிப் பார்த்துத்தான்.

நானும் பார்த்தேன். வீட்டார் நடமாடினால் எங்கள் கூரைக் காக்கை பேசாமல் இருக்கும். தெருமுனையில் புதியவர் திரும்பினாலோ வைக்கோல்போர் அருகே சாரை நெளிந்தாலோ குரல் எழுப்பும். காக்கைகளுக்கு முகம் தெரியும் என்பதை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006இல் தொடங்கிய ஆய்வில் காட்டினார்கள். ஒரு முகமூடி அணிந்து அங்குள்ள காக்கைகளைப் பிடித்தார்கள், பிறகு பறக்க விட்டார்கள். அதே முகமூடியைக் கண்டபோதெல்லாம் ஆண்டுகள் கழித்தும் அவை சீறிக் கரைந்தன. வாசலுக்கு வரும் ஆளை நமக்கு முன்னே கண்டு சொல்லும் பறவையை விருந்தறிவிப்பவன் என்று நம் முன்னோர் நம்பியதில் இந்தக் கூர்மையான கவனிப்பும் கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அமாவாசைச் சோறு இறந்தவர்களுக்கு நாம் செலுத்தும் கடன். அது நிற்க வேண்டியதில்லை. ஆனால் காக்கைக்கென்றே வைத்த சோறும் நம் மரபில் இருக்கிறது. அது நம்மோடு வாழும் உயிருக்கு உரிய பங்கு, ஆண்டு முழுவதும் உரியது. சித்திரையில் எங்கள் பாறைநிலம் கொதிக்கும்போது காக்கை, மயில், அணில் எல்லாம் நீருக்கு அலைகின்றன. தினமும் ஒரு கவளம் சோறும் ஒரு சட்டித் தண்ணீரும் வைப்போம். வைத்த பிறகு சற்று நின்று, வருகிறவற்றைப் பார்ப்போம். பழைய கவிஞர்கள் அந்தப் பார்வையிலிருந்துதான் தொடங்கினார்கள்.