தீராத நோயும் தளராத சிகிச்சையும்

மஞ்சட்காமாலை என்றவுடனே கீழாநெல்லியை நாடுவது நம்மவர் வழக்கம். காமாலைக்குக் காரணங்கள் பலவாதலின் மருந்தும் ஒன்றாதல் இயலாது. பெருங்குடற் புண்ணால் நெடுநாள் வருந்தும் என் தமையனாருக்குப் பித்தநாளங்களிலும் அழற்சி கண்டபின்னரே இவ்வுண்மையை யான் தெளிந்தேன். அவர் இசைவு பெற்றே இதனை எழுதுகிறேன்.

ஈரலிற் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டு செல்லும் வாய்க்கால்களே பித்தநாளங்கள். இந்நோயில் அவை தழும்பேறி, ஓரிடத்தில் இடுங்கியும் ஓரிடத்தில் விரிந்தும், கோத்த மணிமாலைபோற் படத்தில் தோன்றும். தேங்கிய பித்தநீர் நாளடைவில் ஈரலைக் கெடுக்கும். குடற்புண் உடையாருள் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேருக்கே இது வரும்; ஆயினும் இது வந்தோருட் பெரும்பாலார்க்குக் குடலழற்சியும் உண்டு. விந்தை யாதெனில், பெருங்குடலை முற்றும் அறுத்தெடுத்தாலும் பித்தநாள நோய் நிற்பதில்லை.

"இதனைத் தீர்க்கும் மருந்து யாது, ஐயா?" என்று எங்கள் தாயார் வைத்தியரை வினவினார். அத்தகைய மருந்து இன்னும் இல்லை என்பதே விடையாயிற்று. உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்பதொன்று உண்டு. கரடியின் பித்தநீரில் முதலிற் காணப்பட்டமையால், கரடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை அது தன் பெயரிற் தாங்கியுள்ளது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 28 முதல் 30 மில்லிகிராம் வரை அதனைக் கொடுத்துச் செய்த அமெரிக்க ஆராய்ச்சியொன்று 2009-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இரத்தப் பரிசோதனையின் கணக்குகள் சீர்ப்பட்டன. நோயாளிகளோ மருந்தில்லா மாத்திரை உண்டவரினும் மிகுதியாகத் துன்புற்றனர். கணக்கு நலமுறுதல் வேறு, மனிதன் நலமுறுதல் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயின் வைத்தியர் கைகட்டி நிற்பதில்லை. இடுங்கிய நாளத்துட் குழாய்வழியே சிறு பலூனைச் செலுத்தி விரிக்கின்றனர். அரிப்புக்குக் கொலஸ்டிரமின் தருகின்றனர். குளிர்காய்ச்சலும் கண் மஞ்சளும் ஒருங்கே கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக் கிருமிக்கொல்லி மருந்தளிக்கின்றனர். குடலிலும் பித்தநாளத்திலும் புற்று தோன்றக்கூடுமாதலின் ஆண்டுதோறும் சோதிக்கின்றனர். ஈரல் முற்றும் தளர்ந்தால் மாற்றீரல் பொருத்துவர். அதிலும் சிலர்க்கு நோய் மீள்வதுண்டு.

அமெரிக்கப் பனிச்சறுக்குப் பலகை வீரர் கிறிஸ் கிளக் இந்நோயுற்று, 2000-ஆம் ஆண்டில், மரித்த ஒருவரின் ஈரலைப் பெற்று, 2002-ஆம் ஆண்டு சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் பந்தயத்தில் வெண்கலப் பதக்கம் வென்றார். அந்நாட்டுப் பந்தாட்ட வீரர் வால்டர் பேட்டனோ, பித்தநாளத்திற் புற்றும் தோன்றியமையின் மாற்றீரல் பெறவியலாது, 1999-ஆம் ஆண்டில் மறைந்தார்.

தமையனார்க்கு இன்று வலியில்லை. அதனாலேயே, "நலமாயிருக்கும்போது சோதனை எதற்கு?" என்று ஆண்டுதோறும் மறுக்கிறார். குடல் அமைதியாயிருக்கும் காலத்தும் நாளங்களில் நோய் நடக்கக்கூடும் என்று எடுத்துரைத்து அவரை அழைத்துச் செல்வது என் பணி. மருந்தென்பது நான்கு கூறுடையது என்ற திருவள்ளுவர், அருகிருந்து பணிபுரிவோனையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அவ்வதிகாரத்தை வகுப்பிற் பயின்றபோது அது எனக்கு இலக்கியமாய் நின்றது. இப்போது கடமையாய் நிற்கிறது.

பவுல் அப்போஸ்தலர் மும்முறை வேண்டியும் அவர் மாம்சத்து முள் நீங்கவில்லை, கிருபை நீங்கவில்லை. எங்கள் வீட்டு ஜெபத்திலும், நோய் நீங்க வேண்டுமென்பதோடு, அவ்வாண்டின் சோதனைக்கு உடன்செல்லும் பொறுமையும் வேண்டப்படுகிறது. தீர்க்கவியலாத நோயாளியைக் கைவிடாதிருத்தலும் சிகிச்சையே என்பதை நண்பர்கள் நினைவிற் கொள்வாராக.