சங்கக்கடைப் பகிடி

2005-இல் எங்கள் திருகோணமலை உள்துறைமுக வீதித் தேத்தண்ணிக் கடையில் ஒரு வழக்கு நடந்தது. எழுத்தாளர் சுஜாதா மழுங்கிவிட்டாரா, இல்லையா? மழுங்கிவிட்டார் என்ற கட்சிக்கு வக்கீல் நான்.

யுத்தநிறுத்தக் காலம். கொழும்பு பஸ்ஸில் கட்டாக வரும் ஆனந்த விகடன் எங்கள் கைக்கு எட்டும்போது ஒரு கிழமை பழசு. பிரதி ஒன்று, வாசகர் ஆறு. முதல் ஆளின் விரலிலிருந்த வடை எண்ணெய் சுஜாதாவின் ‘கற்றதும் பெற்றதும்’ பக்கத்தில் ஊறி, பின்பக்கத்து விளம்பரம் அதற்குள்ளால் தெரியும்.

அந்த மே மாதம் அவருக்கு எழுபது நிறைந்தது. அதைப் பற்றியே ஒரு பத்தி எழுதினார். வாசித்தவர்கள் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்கள். நான்தான் வாயைத் திறந்தேன்: “மனுசன் முடிஞ்சுது அண்ணை. இனி ஸ்ரீரங்கமும் மருந்தும்தான்.”

அண்ணை ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். “அப்ப எந்தச் சுஜாதா நல்லவர்?” என்றார்.

“கணையாழியில கடைசிப் பக்கம் எழுதினவர்.”

“அதை நீர் மாசாமாசம் வாசிச்சனீரோ? புத்தகமா வந்த பிறகுதானே வாசிச்சனீர். அதிலயும் பிடிச்ச பத்துப் பக்கத்தைத்தான் மனசில வச்சிருக்கிறீர். இவரைக் கிழமைக்குக் கிழமை தராசில போடுறீர்.”

விட்டிருக்கலாம். வக்கீல் விடுவானா? சாட்சிக்கு ஒரு பழைய பகிடியை எடுத்துவிட்டேன். சங்கக்கடைக் கியூவில் நிற்கிறவனைப் பற்றியது. இருபது வருசமாகக் கலியாண வீடுகளில் சுஜாதா பெயரில் நான் சொல்லிவந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்துவிட்டு, வடைக் கடதாசிக்காக வாசலில் காத்துநின்ற மானைப் பார்த்தபடி கேட்டார்:

“தம்பி, பெங்களூரில இருந்தவர் சங்கக்கடையை எங்க கண்டவர்?”

அங்கே அதற்குப் பெயர் ரேஷன் கடை. சங்கக்கடை எங்கள் சொல். பாணுக்கும் கியூவில் நின்ற எழுபதுகளின் சொல். “அது சிரித்திரன் மணம் அடிக்குது” என்றார் அண்ணை. எனக்குக் காது சுட்டது. யாரோ தேடுகிறார்கள் என்று சொல்லி எழும்பிவிட்டேன். ஒருவரும் தேடவில்லை.

சிரித்திரன் என்ற நகைச்சுவைச் சஞ்சிகையைச் சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் அறுபதுகளில் கொழும்பில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். சவாரித்தம்பர் கேலிச்சித்திரத்தைக் கீறிய கைதான் ‘மகுடி பதில்கள்’ எழுதியதும். எங்கள் வீட்டுச் சிரித்திரன் கட்டு 1990 இடப்பெயர்வோடு போயிற்று. பகிடி மட்டும் தலைக்குள் தங்கியது. சொன்னவர் பெயர் உதிர்ந்துபோக, கைக்கெட்டிய பெரிய பெயரை ஒட்டிவிட்டிருக்கிறேன். அயல்நாட்டுப் பெயர் என்றால் சபையில் எடுபடும் என்ற நினைப்பும் இருந்தது. அதை மறைக்க ஏலாது.

2008 பெப்ரவரி 27-இல் சுஜாதா போனார். கடையில் ஒருவரும் வழக்கை எடுக்கவில்லை. எண்ணெய் ஊறிய அந்த எழுபதாம் வயதுப் பக்கத்தை நான் கிழித்து வைத்திருந்தேன். அன்று திரும்ப வாசித்தேன். மழுங்கல் ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் அப்போது சீனி வருத்தம் வந்திருந்தது.

இப்போது ‘நூலகம்’ மின்னூலகத்தில் பழைய சிரித்திரனைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறேன். உண்மையைச் சொன்னால், மகுடியிலும் நாலில் ஒன்றுக்குத்தான் வாய்விட்டுச் சிரிப்பு வருகிறது. என் பகிடி இன்னும் அகப்படவில்லை. சுந்தரைக் கேட்கவும் வழியில்லை, 1996-இலேயே போய்விட்டார்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் ஒரு பெடியன் அதே பகிடியை, சுஜாதா சொன்னதென்று, எனக்கே சொன்னான். சங்கக்கடையைச் சூப்பர் மார்க்கெட் ஆக்கியிருந்தான்.